கவிஞர் வாயால் கேட்ட கவிதை

மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் காங்கிரஸில் மிதவாதி. பாரதி எதிர் முகாம். ‘இந்தியா’ வார இதழில் மிதவாதிகளை விடாமல் கிண்டலடித்துக்கொண்டிருந்தவர். 1907ஆம் ஆண்டில் ஜி.ஏ. நடேசன் இவர்கள் இருவரையும் சந்திக்க வைத்தார். பாரதி தம் தேசப் பாடல்களைப் பாடிக் காட்டினார். கேட்டு முடித்த ஐயர், அரசியல் பகையை ஒருபுறம் வைத்துவிட்டு, அந்தப் பாடல்களில் சிலவற்றைத் தம் செலவில் 15,000 படிகள் அச்சடித்து இலவசமாக வழங்க ஏற்பாடு செய்தார்.

பாரதி வரலாற்றில் எல்லோரும் சொல்லும் சம்பவம்தான். ஐயரின் பெருந்தன்மைக்குச் சான்றாகவே பெரும்பாலும் சொல்வார்கள். எனக்கு இதில் வேறொன்று படுகிறது. பாரதியின் தேசப் பாடல்கள் அதற்கு முன்பே பத்திரிகையில் வரத் தொடங்கியிருந்தன. ஐயருக்குத் தமிழ் படிக்கத் தெரியாமலும் இல்லை. தாளில் இருந்தபோது அசையாத மனிதர், ஆள் எதிரே உட்கார்ந்து பாடியதும் அசைந்தார். மாறியது பாட்டு அல்ல. பாட்டு வந்த வழி.

அந்தக் குரல் இன்று நம்மிடம் இல்லை. தொழில்நுட்பம் இல்லாத குறையா என்றால், அதுவும் இல்லை. 1902இலேயே கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தா வந்து கௌஹர் ஜானைப் பதிவுசெய்துவிட்டார். சுதேசி இயக்கம் கொதித்துக்கொண்டிருந்த 1905–06 வாக்கில் அதே நகரத்து வணிகர் ஹெச். போஸ், தாகூரின் குரலைப் பதிவுசெய்தார். தாகூர் பாடிய ‘வந்தே மாதரம்’ இன்றும் கேட்கக் கிடைக்கிறது. 1906 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டுக்காகப் பாரதி கல்கத்தா போனார். இரண்டும் ஒரே ஊர், ஒரே காலம். ஆனால் தாகூரைப் பதிவுசெய்யத் தாகூரின் ஊரில் ஆள் இருந்தார். சென்னையில் இசைத்தட்டு வணிகம் பாடகர்களையும் நாடக நடிகர்களையும் தேடிப் போனது, கவிஞரைத் தேடவில்லை. இன்னொரு வேடிக்கை: கிரியர்சனின் இந்திய மொழி அளவாய்வையொட்டி, 1920களில் சென்னை மாகாணத்துப் பேச்சுமொழிகள் இசைத்தட்டில் பதிவாயின. அந்தக் காலத்துத் தமிழர் எப்படிப் பேசினார் என்று கேட்டுவிடலாம். 1921இல் மறைந்த பாரதி தம் பாட்டை எப்படிச் சொன்னார் என்று கேட்க வழி கிடையாது.

பிறகு பாரதி பாட்டு எப்படி நம் காதுக்கு வந்தது? பாடகர்கள் வழியாக. 1947இல் வெளியான ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடியதைத்தான் ஒரு தலைமுறை பாரதியின் குரலாகவே ஏற்றுக்கொண்டது. குறை சொல்லவில்லை, பட்டம்மாள் இல்லாவிட்டால் பாதிப் பேருக்கு அந்தப் பாடல்கள் போய்ச் சேர்ந்திருக்காது. ஆனால் இது தமிழில் திரும்பத் திரும்ப நடப்பது. கவிஞரின் வாய்க்கும் நம் காதுக்கும் நடுவில் எப்போதும் இன்னொருவர் நிற்கிறார். பங்குனியில் கபாலீசுவரர் கோயிலில் பூம்பாவைப் பதிகம் ஒலிக்கும்போது சம்பந்தரை நமக்குத் தருபவர் ஓதுவார். இன்குலாப் சென்னைக் கல்லூரி ஒன்றில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய ‘மனுசங்கடா’ ஊர் ஊராகப் போனது கே.ஏ. குணசேகரனின் தொண்டையில். இதற்கெல்லாம் உச்சம் 1963இல் வந்த ‘ரத்தத்திலகம்’. அதில் ஒரு பாட்டுக்குக் கண்ணதாசனே திரையில் தோன்றுகிறார். முகம் அவருடையது, சொல் அவருடையது, வாயசைப்பும் அவருடையது. குரல் மட்டும் டி.எம். சௌந்தரராஜனுடையது. எழுதியவரே எதிரே நிற்கும்போதுகூட அவர் குரலைக் கேட்கவேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு நீண்ட மரபு உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பாடசாலையை உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் பக்கம் பக்கமாகக் காட்டுகிறார். பிள்ளை எழுதுவதில்லை, சொல்வார். மாணவர் ஒருவர் ஏட்டில் எழுத்தாணியை ஓட்டிக்கொண்டே வருவார். நடுவில் வந்தவரோடு ஊர்ப்பேச்சு பேசிவிட்டு, விட்ட சீரிலிருந்து பிள்ளை மறுபடி தொடங்குவார். கவிதை பிறந்தது வாயில். ஏடு அதற்குப் பின்னால்தான். அரங்கேற்றம் என்று வந்ததும் முறை மாறிவிடும். செய்யுளைப் படிக்க மாணவர். பொருள் சொல்லப் பிள்ளை. இயற்றியவர் எதிரிலேயே இருப்பார், பாட்டு வேறு குரலில் வரும், விளக்கம் அவர் குரலில் வரும்.

இங்கே ஒரு சிக்கலும் இருந்தது. பிள்ளைக்குச் சங்கீதம் பிடிக்காது. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியிடம் சாமிநாதன் இசை கற்றுவந்தது தெரிந்ததும், அதில் நாட்டம் போனால் இலக்கண இலக்கியத்தில் புத்தி ஊன்றாது என்று பிள்ளை சொன்னார். மாணவரும் பாட்டை நிறுத்திக்கொண்டார். திருவாவடுதுறை ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகரோ இசைப்பிரியர். சாமிநாதன் செய்யுளை ராகத்தோடு படித்தால் மகிழ்ந்து கேட்பார். ஆசிரியருக்கு ராகம் வேண்டாம், புரவலருக்கு ராகம் வேண்டும். பிள்ளையின் வெறுப்பை ரசனைக்குறை என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அதை ஒரு கவிஞரின் கோரிக்கையாகவும் படிக்கலாம் என்று நினைக்கிறேன். செய்யுளுக்கு உள்ளேயே ஓசை இருக்கிறது. மேலே இன்னொன்றைப் போர்த்தினால் உள்ளே இருப்பது கேட்காது.

அது என்ன ஓசை? வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்போம். தேர்வில் எழுதினோமே தவிர, செப்பலோசை எப்படி இருக்கும் என்று வாயால் சொல்லிக்காட்டிய ஆசிரியர் எத்தனை பேருக்கு வாய்த்தார்? மாடவீதிக்குள்ளே என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். வெண்பாவில் இது ‘மாடவீ திக்குள்ளே’ என்று இரண்டு சீராக உடையும். கூவிளம், அடுத்து தேமாங்காய்; தளை தட்டாது. சீர்ப்படி வாசித்தால் வீதி நடுவில் அறுபடுகிறது. சொற்படி வாசித்தால் வெண்பாவின் நடை போய்விடுகிறது. நல்ல புலவர் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி வைத்திருப்பார்: ‘வீ’யில் குரலைச் சற்றே ஏந்திப் பிடித்து, மூச்சு விடாமல் ‘தி’க்குப் போவது. அந்தக் கால்நொடி ஏந்தலை எந்த அச்சுக்கோப்பவராலும் காட்ட முடியாது. 19ஆம் நூற்றாண்டு அச்சுப்புத்தகங்கள் சீர் பிரித்தன. பிற்காலப் பதிப்புகள் பதம் பிரித்தன. இரண்டுமே பாதியைத்தான் தந்தன.

பாரதிக்கு இது தெரிந்திருந்தது. தம் பாடல்கள் பலவற்றின் தலையில் ராகம், தாளம் குறித்துவைத்தார். ‘சங்கீத விஷயம்’ கட்டுரையில், பொருள் தெரியாமல் கீர்த்தனம் பாடும் வித்வான்களைப் பிடிபிடியென்று பிடித்தார். புதுச்சேரியில் சிறுமியாக அவர் வீட்டில் வளையவந்த யதுகிரி அம்மாள், புதுப்பாட்டு எழுதியதும் பாரதி எப்படிப் பாடிக் காட்டுவார் என்று நினைவுகளில் எழுதியிருக்கிறார். ஆனால் ராகக் குறிப்பு பாட்டுக்கு மட்டுமே உதவும். ‘குயில் பாட்டு’ பெயரில்தான் பாட்டு. நூற்றுக்கணக்கான அடிகள் ஓடும் கதைக்கவிதை அது. அதை யாரும் ராகம் கட்டிப் பாடி முடிக்க முடியாது, சொல்லத்தான் வேண்டும். பாரதியை நாம் மிகுதியாக இழந்திருப்பது இந்த இடத்தில்தான். பாடகர்கள் தொடாத பாரதி, ஊமையாகவே நம்மிடம் வந்திருக்கிறார்.

கவிஞர் தாமே வாசிப்பதற்கு நவீனத் தமிழில் இடம்கொடுத்தது கவியரங்கம். அறிவுஜீவிகளுக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும். நான் அத்தனை அவசரப்பட மாட்டேன். தமிழ் வணக்கம், தலைவர் வணக்கம், அவை வணக்கம், அப்புறம் கொடுத்த தலைப்பு என்று அதற்கென ஒரு சடங்கு உண்டு. கருணாநிதி தலைமை தாங்கினார், கண்ணதாசன் தலைமை தாங்கினார், அப்துல் ரகுமான் அதைத் தனிக்கலையாகவே வளர்த்தார். மயிலாப்பூர் சி.ஐ.டி. காலனியில் இருக்கும் கவிக்கோ மன்றம் அவர் பட்டப்பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. சென்னைக் கம்பன் கழகம் ஆண்டுதோறும் மயிலாப்பூரில் எடுத்த விழாவிலும் கவியரங்கத்துக்கு ஓர் அமர்வு உண்டு. சென்னை வானொலியில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கவியரங்கம் வரும். அகில இந்திய வானொலி 1956 முதல் குடியரசு நாளையொட்டி நடத்திவரும் சர்வபாஷா கவி சம்மேளனத்தில், ஒவ்வொரு மொழிக் கவிஞரும் தம் கவிதையைத் தாமே தம் மொழியில் வாசிக்கவேண்டும், மொழிபெயர்ப்பு அதன் பின்னால்தான் என்று வைத்தார்கள். அரசு அலுவலகம் ஒன்று வகுத்த விதிகளில் இவ்வளவு நல்ல விதி அபூர்வம்.

கவியரங்கத்தின் நுட்பத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். யாருடைய வரியையும் எடுக்காமல், பேச்சுக்காக மூன்று வரி வைத்துக்கொள்வோம்:

வீடு திரும்பினேன்
யாரும் இல்லை
என்று சொல்ல முடியாது

கவியரங்கக் கவிஞர் இதை எப்படிச் சொல்வார்? ‘வீடு திரும்பினேன்’ என்பதை இரண்டு முறை சொல்வார். ‘யாரும் இல்லை’ என்று குரலை இறக்கி நிறுத்துவார். முன்வரிசையில் ஒருவர் ‘ஆகா’ என்பார். அந்த ஆகா அடங்கும்வரை காத்திருந்து, மூன்றாம் வரியை மேலே தூக்கி எறிவார். கைத்தட்டல். ‘மறுபடியும்’ என்று குரல் வரும், முதலிலிருந்து சொல்வார். இப்படிக் கேட்டுப் பழகிய கவிஞர் எழுதும்போதே கைத்தட்டலுக்கு இடம்விட்டு எழுதத் தொடங்கிவிடுவார். கவியரங்கக் கவிதைகள் புத்தகமானதும் சப்பென்று இருப்பதற்குக் காரணம் இதுதான்: நடுவில் இருந்த கூட்டத்தை அச்சில் ஏற்ற முடியவில்லை. திட்டுவதென்றால் அச்சேற்றியவரைத் திட்டவேண்டும்.

இதே மூன்று வரியை இன்னொரு வகைக் கவிஞர் வாசித்தால் நிற்கவே மாட்டார். மூன்றும் ஒரே மூச்சில், ஒரே சுருதியில் போகும். திருப்பம் நடந்ததே கேட்பவருக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைக்கும். முதலாவதில் தனிமை வேடிக்கையாகிறது, இரண்டாவதில் அச்சமாகிறது. தாளில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. எழுதியவர் எதை மனத்தில் வைத்திருந்தார் என்பது அவர் வாயைத் திறந்தால்தான் தெரியும்.

இந்த இரண்டாவது வகை, சி.சு. செல்லப்பா 1959இல் திருவல்லிக்கேணியிலிருந்து தொடங்கிய ‘எழுத்து’ பத்திரிகையோடு சேர்ந்து வளர்ந்தது. மேடை முழக்கத்துக்கு எதிர்வினையாகத் தாழ்ந்த குரல் ஓர் அழகியல் கொள்கையாகவே ஆனது. போகப் போக அதுவும் ஒரு சம்பிரதாயம். கூட்டங்களுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்: மைக்கிலிருந்து ஒரு சாண் விலகி, தலையைக் குனிந்து, யாருக்கோ மன்னிப்புக் கேட்பதுபோல வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இப்போது கைபேசியில் பார்த்து வாசிக்கும் வழக்கம் வேறு. பாதிக் கவிதையில் திரை அணையும். கட்டைவிரலால் தட்டி எழுப்புவார். அந்த இடைவெளியை ஆழ்ந்த மௌனம் என்று எண்ணி அவை தலையாட்டும். முழக்கத்தைக் கேலிசெய்தவர்கள் முணுமுணுப்பையும் கேலிசெய்யவேண்டும்.

இரண்டுக்கும் சிக்காதவர் ஞானக்கூத்தன். ‘அன்று வேறு கிழமை’ 1973இல் வந்தது. புதுக்கவிதைக்காரர் என்று பெயர். ஆனால் யாப்பு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மேடைத் தமிழையும் சங்கத் தமிழையும் அவர் நக்கலடிப்பது அந்தந்த யாப்பின் நடையிலேயேதான். கண்ணால் படிப்பவர் வரியமைப்பைப் பார்த்துவிட்டு வசனமாக ஓட்டிவிடுவார். வாய்விட்டுச் சொன்னால் உள்ளே ஒளிந்திருக்கும் எண்சீரோ அறுசீரோ தலைநீட்டும். நகைச்சுவையும் அப்போதுதான் வெளியே வரும். இப்படிப்பட்டவரைச் சத்தம் இல்லாமல் படிப்பது, சரியாகச் சொன்னால், படிக்காமலே இருப்பதற்குச் சமம்.

வெளிநாட்டில் இதை ஒரு துறையாகவே ஆக்கியிருக்கிறார்கள். 1889இல் ராபர்ட் பிரௌனிங் எடிசனின் கருவிமுன் தம் கவிதையைச் சொல்லத் தொடங்கி, நடுவில் மறந்துபோய் மன்னிப்புக் கேட்டது இன்றும் கேட்கக் கிடைக்கிறது. 1930களில் பிபிசியில் வாசித்த யேட்ஸ், இந்த அடிகளைச் செய்யுளாக்கப் பட்ட பாடு தமக்குத்தான் தெரியும், அதனால் வசனம்போல வாசிக்க மாட்டேன் என்று முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, ஓதுவதுபோல ராகம் போட்டார். 1952இல் இரண்டு இளம்பெண்கள் நியூயார்க்கில் தொடங்கிய கேட்மன் நிறுவனம் டிலன் தாமஸின் குரலை இசைத்தட்டாக விற்று வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது. சார்லஸ் பெர்ன்ஸ்டைன், கவிஞரின் வாசிப்பை மூலப்பிரதிக்குப் பின்சேர்க்கையாக அல்லாமல் அக்கவிதையின் இன்னொரு வடிவமாகவே கொள்ளவேண்டும் என்று வாதிட்டவர்; 2005இல் பென்சவுண்ட் என்ற ஒலிக்களஞ்சியத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். கவிஞர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இழுத்து வாசிக்கிறார்கள் என்ற புகாரை அளந்தே பார்த்துவிடலாம் என்று, மாரிட் மெக்ஆர்தரும் அவர் கூட்டாளிகளும் 100 அமெரிக்கக் கவிஞர்களின் சுருதி ஏற்றஇறக்கம், வேகம், இடைநிறுத்தம் ஆகியவற்றைக் கணினியில் கணக்கிட்டு 2018இல் ஆய்வு வெளியிட்டனர். நம் கவியரங்கத் தொனியையும் முணுமுணுப்புத் தொனியையும் இதேபோல் ஒரு முனைவர் பட்ட மாணவர் அளக்கலாம். தமிழ்த் துறைகளில் உவமை எண்ணும் ஆய்வுகள் போதுமான அளவு வந்துவிட்டன.

எதிர்வாதம் வலுவானதுதான். எழுதத் தெரிந்தவருக்கு வாசிக்கத் தெரியவேண்டும் என்று சட்டம் இல்லை. நல்ல கவிதையைக் கொன்றுவிட்டு இறங்கும் கவிஞரை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கவிஞர் ஒரு தொனியில் வாசித்துவிட்டால், வாசகரின் மற்ற தொனிகள் அடைபட்டுப்போகும் என்ற அச்சமும் நியாயமே. இதற்கு என் பதில்: கவிஞரின் வாசிப்பைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம். கையெழுத்துப்படியில் அடித்துத் திருத்திய இடத்தைப் பதிப்பாசிரியர் எவ்வளவு கவனமாகப் பார்க்கிறாரோ, அவ்வளவு கவனம் கவிஞர் தடுக்கி நின்ற இடத்துக்கும் தேவை. மோசமான வாசிப்பும் சாட்சியமே. பல கவிஞர்கள் வாசிக்கும்போதே சொல்லை மாற்றிவிடுவார்கள். அச்சான புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே மாற்றுபவர்களும் உண்டு. இது பாடபேதம் இல்லாமல் வேறென்ன?

ஆளையும் மறந்துவிடக்கூடாது. சல்மா வீட்டுக்குள் ஒளித்து எழுதிய கவிதைகள், அவர் அம்மா வழியாகத்தான் வெளியே வந்தன, பெயர்கூட புனைபெயர். ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ 2000இல் வந்தபோது தாள் இருந்தது, ஆள் மறைந்திருந்தார். அப்படிப்பட்டவர் பின்னாளில் சபையில் நின்று தம் கவிதையைத் தம் குரலில் சொல்வதை வெறும் வாசிப்பு என்று எழுதிவிட்டுப் போக முடியாது. யாழ்ப்பாணத்தில் வேறொரு வழி தேடினார்கள். மஹாகவியும் முருகையனும் யாப்புக்குள்ளேயே பேச்சோசையைக் கொண்டுவந்து கவியரங்குகளில் வாசித்தார்கள். 1980களின் தொடக்கத்தில் போர்ச்சூழல் நெருக்கியபோது, பலர் சேர்ந்து கவிதைகளை அவையில் நிகழ்த்தும் ‘கவிதா நிகழ்வு’ அங்கே உருவானது. நமக்குக் கவியரங்கம், முணுமுணுப்பு என்ற இரண்டே வழிதான் உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் மூன்றாவதைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

சென்னையில் இன்று கேட்கும் இடங்களுக்குப் பஞ்சம் இல்லை. பிரகிருதி அறக்கட்டளை 2007இல் தொடங்கிய கவிதை விழா கவிஞர்களைக் கல்லூரி, காபிக்கடை என்று பல இடங்களுக்குக் கொண்டுபோய் வாசிக்கவைத்தது. ஆங்கிலத்தின் பக்கம் கொஞ்சம் சாய்வு இருந்தாலும் யோசனை நல்ல யோசனை. திருவான்மியூர் பனுவல் புத்தக நிலையத்தில் அலமாரிகளுக்கு நடுவே நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்துகிறார்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் ‘பொன்மாலைப் பொழுது’ நிகழ்ச்சியில் எழுத்தாளர்களை நேரில் கேட்கலாம். ஜனவரியில் புத்தகக் காட்சி மேடை.

பதிவுக்கும் பஞ்சம் இல்லை. ஸ்ருதி டிவி போன்ற யூடியூப் சேனல்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு கூட்டம் கூட்டமாக அலைகின்றன. ஒலிநாடா விலை கூடியிருந்த காலத்தில் வானொலிகள் பழையதை அழித்து அதன்மேல் பதிந்தன. இப்போது எதையும் அழிக்கவேண்டியதில்லை. ஆனால் தேடினால் கிடைக்காது. இரண்டு மணிநேரக் காணொளிக்கு ‘நூல் வெளியீட்டு விழா’ என்று ஒரே தலைப்பு. வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரை, நூல் பெறுதல் எல்லாம் தாண்டி, ஏற்புரைக்கு நடுவே கவிஞர் இரண்டு கவிதை வாசித்திருப்பார். எந்தக் கவிதை, எத்தனையாவது நிமிடம், எந்தத் தேதி, புத்தகத்தில் இருப்பதற்கும் வாசித்ததற்கும் என்ன வேறுபாடு என்று ஒரு வரிக் குறிப்பும் இருக்காது.

1943இல் தொடங்கிய உ.வே.சா. நூலகம் இப்போது பெசன்ட் நகரில் இருக்கிறது, தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், கோட்டூர்புரத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகம். மூன்றும் சில கிலோமீட்டருக்குள். ஏட்டுச்சுவடிக்கும் பழைய அச்சுக்கும் அட்டவணை தயாரித்துப் பழகியவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவற்றில் ஓர் இடத்திலாவது இரண்டு பேரை உட்காரவைத்து, இருக்கும் காணொளிகளைக் கேட்டு, கவிஞர் பெயர், கவிதை, நிமிடம், பாடபேதம் என்று நான்கு பத்தி நிரப்பச்சொன்னால் வேலை தொடங்கிவிடும். முதலில், எழுபது, எண்பது வயதைத் தாண்டிய கவிஞர்களிடமிருந்து தொடங்கலாம்.